வேனில் விளையாட்டும் மலை வாவியும்

வேனில் எனப்படும் பெரும்பொழுதைத் தமிழர் இரண்டாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பகுப்பின் நுட்பத்தை ஈழத்தின் கீழ்கரையில் வாழ்வோர் ஏட்டிற் கற்க வேண்டுவதில்லை. ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதிக்கும் 15ஆந் திகதிக்கும் இடையில் ஞாயிறு இலங்கைத் தீவின் தென்முனையிலிருந்து வடமுனைவரை ஒவ்வோர் ஊருக்கும் நேர்மேலாக நகர்ந்து செல்கின்றது. வெருகலுக்கு அது உச்சியில் நிற்பது புத்தாண்டு பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர். அக்காலத்து வெப்பம் நேரே மேலிருந்து இறங்கும் வெப்பம். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்றின் வெப்பமோ பக்கவாட்டில் வந்து தாக்குவது. இலையை உலர்த்தி, உதட்டை வெடிக்கச் செய்து, கிணற்று நீரையும் கீழே தள்ளுவது.

இவ்விரு வெப்பங்களுக்கும் இடையில் அகப்பட்ட கீழ்நாட்டார் குளிர்ந்த இடத்தை நாடிச் செல்லும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. நம் நாட்டில் அவ்வழக்கிற்குத் தலையிடமாய் விளங்குவது நுவரெலியா. நுவரெலியாவிற்குச் செல்வோர் தவறாது காண்பது கிறகரி வாவி. அவ்வாவியின் இயல்பும் தோற்றமும், அதன் கரையில் நிகழும் வேனில் விளையாட்டு நிலைத்தற்கு வேண்டுவனவும் எவை என்பதே இக்கட்டுரையின் பொருள். மலையுச்சி வாவியைப் பற்றி வெருகலிலிருந்துகொண்டு ஆராய்வானேன் என வினவுவார் உளராயின், விடை எளிது. கிறகரி வாவியினின்று வழியும் நீர் நானு ஓயாவிற் கலந்து, நானு ஓயா கொத்மலை ஓயாவிற் கலந்து, கொத்மலை ஓயா மகாவலி கங்கையிற் கலந்து, அக்கங்கையின் ஒரு கிளை வெருகலாறு என்னும் பெயருடன் நம் ஊரருகே கடலைச் சேர்கின்றது. ஆகவே நாம் அவ்வாவிக்கு அயலார் அல்லேம். அதன் கீழ்க்கரையில் இருப்பவர்களாவோம்.

நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் 1,868 மீற்றர், அஃதாவது ஏறத்தாழ 6,128 அடி உயரத்தில், பிதுருதலாகலை முதலிய மலைகள் சூழ அமைந்த மேட்டுவெளியாகும். நிலத்திலிருந்து மேலேறுந்தோறும் ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைச் சதமபாகை வெப்பம் குறையும் என்பர் வானிலை நூலார். வளி மேலேறும்போது அதன்மீதுள்ள அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறைய அது விரிகின்றது. விரிதற்கு வேண்டிய சத்தியைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுகின்றது. இக்கணக்கின்படி கடற்கரையில் 28 பாகை நிலவும்போது நுவரெலியாவில் 16 பாகை நிலவுதல் வேண்டும். அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் ஏறத்தாழ அதுவே. சனவரி, பெப்புருவரி மாதங்களின் தெளிந்த இரவுகளிற் புல்லின்மேல் உறைபனி படிதலும் உண்டு. வளியமுக்கமும் அங்கே ஐந்திலொரு பங்கு குறைவு. ஆதலாற் கடற்கரையிலிருந்து சென்றவர் முதல்நாள் மேட்டில் ஓடினால் விரைவில் மூச்சு வாங்குவர். நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும். கல்லூரிச் சுற்றுலாக்களிற் சமையற் பொறுப்பை ஏற்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

குளிர்ச்சி ஆண்டு முழுவதும் இருக்க, நுவரெலியாவின் 'சீசன்' ஏப்பிரல் மாதத்தில் மாத்திரம் களைகட்டுவதேன்? பாடசாலை விடுமுறையும் புத்தாண்டும் அம்மாதத்தில் வருவது ஒரு காரணம். அதனினும் முந்திய காரணம் காற்றில் உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுவதற்கு இடைப்பட்ட காலம் அது. அப்போது பெருங்காற்று எதுவும் தீவை ஆள்வதில்லை. காலைப்பொழுது தெளிந்து, வாவியின் நீர் அசைவின்றிக் கிடக்கும். நண்பகலுக்குப் பின்னர் வெயிலாற் சூடேறிய வளி மேலெழுந்து முகிலாகி, இடிமின்னலுடன் மழை கொட்டுவது வழக்கம். ஆதலின் ஏப்பிரலில் வாவியிற் படகு விடுவோர் முற்பகலிலே விடுதல் நன்று. பிற்பகலில் நீர்ப்பரப்பின்மீது இடிமழையில் அகப்படுதல் விளையாட்டாகாது.

மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் மலைநாட்டு வேனில் முடிந்துவிடுகின்றது. ஈண்டு ஒரு புதுமையைக் காண்க. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மேற்குச் சரிவில் ஏறுகின்றது, ஏறும்போது குளிர்கின்றது, குளிர்ந்து தன் நீரை அங்கே கொட்டிவிடுகின்றது. அச்சரிவிலுள்ள வட்டவளை போன்ற இடங்கள் ஆண்டொன்றிற்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவன. நீரை இழந்த காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்குகையில் அமுக்கம் மிக, மீண்டும் சூடேறுகின்றது. ஈரமும் இல்லை, குளிரும் இல்லை. மட்டக்களப்பு, திருகோணமலை நிலங்களின்மீது அது கச்சானாக வந்து வீசுகின்றது. நுவரெலியாவில் விருந்தினரைக் குடைபிடித்து ஓடச்செய்யும் காற்றும், வெருகலில் வயல்வரம்பை வெடிக்கச் செய்யும் காற்றும் ஒன்றே. மலையில் அது இறக்கிவைத்த நீர் மட்டும் காற்றோடு வாராமல், ஆற்றின் வழியாகப் பின்னால் வந்துசேர்கின்றது.

இனி, வாவியின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். 1819ஆம் ஆண்டில் யோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் இம்மேட்டுவெளியைக் கண்டு, அதன் குளிர்ச்சியை வியந்து எழுதினார். தேசாதிபதி எட்வேட் பாண்சு 1820களின் இறுதியில் இங்கே தமக்கு ஒரு மாளிகை அமைத்ததோடு, நோயுற்ற படைவீரர் உடல்தேறும் இடமாகவும் இதனை ஆக்கினார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1848இல் ஆங்கிலக் குடியினரையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து, ஐரோப்பிய மரக்கறிப் பயிரை இங்கே தொடக்கிவைத்தார். 1861இல் ஹக்கலையில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென ஒரு தோட்டம் தோன்றியது. அதுவே இன்றைய தாவரவியற் பூங்கா. இவற்றையெல்லாம் உற்றுநோக்கின், நுவரெலியா முதலில் விளையாட்டிடமாக எழவில்லை, மருந்திடமாகவே எழுந்தது என்பது புலனாகும். காய்ச்சலுக்கு அஞ்சிய வெள்ளையர் குளிரை மருந்தாகக் கொண்டனர். மருந்துண்ண வந்தவர் பொழுதைப் போக்க விரும்பியபோதே விளையாட்டுப் பிறந்தது.

வாவியும் அவ்வாறே பிறந்தது. மலையடிவாரத்திற் சேற்றுநிலமாகக் கிடந்த தாழ்வில், பிதுருதலாகலையினின்று இறங்கும் தலாகலை ஓடையை மறித்து அணைகட்டுவதற்கு 1873ஆம் ஆண்டில் தேசாதிபதி வில்லியம் கிறகரி ஆணையிட்டார். சேறு நீரில் மூழ்கியது; சூழவுள்ள நிலம் வடிந்து நகர் விரிவதற்கு இடமாயிற்று; நடுவே வாவி நின்றது. சில ஆண்டுகளில் அதில் ஐரோப்பிய நன்னீர் மீனாகிய 'டிரவுட்' விடப்பட்டது. 1876இல் மலைக்கழகம், 1889இல் கோல்பு விளையாட்டுக் கழகம் என்பன தோன்றின. 1885இல் நானு ஓயா வரை புகையிரதப் பாதை எட்டியதும், கொழும்பிலிருந்து வருவோர் தொகை பெருகிற்று. 1913இல் வாவிநீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக இறக்கப்பட்டு மின்சாரம் பிறப்பிக்கவும் பயன்பட்டது. இந்தியாவின் மலையூர்களிலும் இதே வரலாற்றைக் காணலாம். உதகமண்டலத்து ஏரியை 1820களிற் கோயம்புத்தூர் ஆட்சியாளரான யோன் சலிவன் அமைத்தார். கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரையில் ஆட்சியாளராயிருந்த வேர் லெவிஞ்சு அமைத்து, தூத்துக்குடியிலிருந்து படகு தருவித்து மிதக்கவிட்டார். மூன்றும் மனிதன் கட்டியவை. மலைமுகட்டில் இயற்கை வைத்த நீலமணி என்று சுற்றுலாக் கையேடுகள் பாடுவது கேட்க இனிதாயினும் உண்மையன்று.

கட்டப்பட்ட நீர்நிலை என்னும் அளவிற் கிறகரி வாவி நமக்குப் புதிதன்று. குளம் கட்டுதலை அறமெனக் கொண்ட நாடு இது. திருகோணமலைப் பகுதியிற் கந்தளாய்க் குளத்தோடு இணைத்துப் பேசப்படும் குளக்கோட்டன் என்னும் பெயரே, குளமும் கோயிலும் ஒருங்கே சமைத்தவன் என்னும் நினைவைத் தாங்கி நிற்பது. ஆயின் நம் குளத்திற்கும் கிறகரி வாவிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. நம் குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது. விளையாட்டு அதன் ஓரத்திலே தானாக வந்து சேர்ந்தது. சிறுவர் நீந்தினர், எருமை படிந்தது, தாமரை பூத்தது. கிறகரி வாவியில் ஓய்வே முதற் கருத்து. ஏனைய பயன்கள் பின்னர் வந்தன. நீரை ஓய்வுக்கெனத் தேக்கிவைத்தல் வீண் என்று கருதுவார் நம்மிற் பலர். யான் அவ்வாறு கருதவில்லை. பரிபாடல் என்னும் சங்கநூல் வையைப் புதுப்புனலில் மதுரை மாந்தர் ஆடிய ஆட்டத்தை விரித்துரைப்பது. ஆடிப்பெருக்கு நாளிற் காவிரிக்கரை இன்றும் நிறைகின்றது. நீர்விளையாட்டைத் தமிழர் இழிவாகக் கொண்டிலர்.

எனினும் விளையாடும் முறையில் இரண்டும் வேறு. நம் நீராட்டு நீருள் இறங்குவது. மலைவாவி விளையாட்டு நீரின்மேல் இருப்பது. கிறகரி வாவியின் நீர் உடலை விறைக்கச் செய்யும் குளிருடையது. அதில் இறங்கி நீந்துவாரைக் காண்பது அரிது. துடுப்புப் படகு, மிதிபடகு, இக்காலத்தில் இயந்திரப் படகு என்பனவே அங்கு உள்ளவை. கரையிற் குதிரைச் சவாரி உண்டு. மட்டக்குதிரையின் கடிவாளத்தை ஒருவர் பிடித்துச் செல்ல, குழந்தைகள் ஏறியிருப்பர். ஏப்பிரலிற் குதிரைப் பந்தயமும், மலர்க்காட்சியும், மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் போட்டியும் நிகழும். இவற்றுட் பெரும்பாலானவை பார்த்து மகிழ்வன. உடல் முயன்று மகிழ்வன சில. குளிர்நாட்டின் உண்மையான பயன் நடத்தலில் உள்ளது என்பது என் கருத்து. வெருகலில் நண்பகலில் ஒரு மைல் நடந்தவன் நிழலைத் தேடுவான். நுவரெலியாவில் அதே மனிதன் ஐந்து மைல் நடந்தும் வியர்வை காணான். வாவியைச் சுற்றி நடக்கலாம். தேயிலைச் சரிவுகளினூடே ஒற்றைமர மலைக்கு ஏறலாம். சீதா எலியாவிற் சீதையம்மன் கோயிலையும் அதனருகே பாயும் ஓடையையும் கண்டு, ஹக்கலைப் பூங்காவரை செல்லலாம். ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் விடியற்காலையிலே புறப்படுதல் வேண்டும். பொழுதேறியபின் மூடுபனி எழுந்து 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தை மறைத்துவிடும். அச்சமவெளி மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளின் தலைநீரைத் தருவது; 1988இல் தேசிய வனமாக்கப்பட்டது; பிளாத்திக்குப் பைகளை உள்ளே கொண்டுசெல்ல வாயிலில் விடுவதில்லை. வாவிக்கரையிலும் அத்தகைய கண்டிப்பு இருத்தல் தகும்.

வேனிலில் வெளிச்செல்லுதல் கீழ்நாட்டுத் தமிழர்க்குப் புதிய வழக்கம் என எண்ணற்க. ஓய்வுக்காகச் செல்லும் வழக்கமே புதிது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியினின்று கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் ஆடித் திருவிழாவைக் கருதி முதுவேனிலிலே கீழ்கரை வழியாக நடந்து செல்கின்றது. வெருகலம்பதிச் சித்திர வேலாயுதர் கோயில் அவர்கள் தங்கிச் செல்லும் இடங்களுள் ஒன்று. வெப்பத்தை விட்டு ஓடாமல் அதனூடே நடந்துசெல்லும் அந்த யாத்திரையை இக்கால விடுமுறைப் பயணத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். ஆயினும் இரண்டும் மனிதனை அவனது அன்றாட நுகத்தினின்று சில நாள் விடுவிப்பன என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு விடுபடாதவரையும் ஈண்டுக் கூறாது விடுதல் முறையன்று. நுவரெலியாவைச் சுற்றியுள்ள மலைகளிற் பரந்து கிடப்பது தேயிலை. அத்தேயிலையைப் பறிப்போரிற் பெரும்பாலார் தமிழ்நாட்டினின்று கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பெருந்தொகையாக நாடற்றோராக்கியதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் அவர்களுட் பலரைக் கடல்கடந்து அனுப்பியதும் யாவரும் அறிந்தவை. ஏப்பிரலில் விருந்தினர் வாவிக்கரையில் ஓய்ந்திருக்கின்றனர். மலைச்சரிவிலோ, இடைப்பருவ மழை விழுந்தவுடன் கொழுந்து மிகுந்து தளிர்க்கும் காலம் அது. ஏப்பிரல், மே மாதங்களிற் கொழுந்து நாள்தவறாது பறிக்கப்படல் வேண்டும். ஒருவரின் ஓய்வுப் பருவம் மற்றொருவரின் உழைப்புப் பருவமாய் அமைகின்றது. மலைக்கழகத்தின் கதவு உள்நாட்டவர் எவர்க்கும் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தது. இன்று வாவிக்கரை எல்லோர்க்கும் உரியது. புத்தாண்டு மறுநாளில் தோட்டத்துக் குடும்பங்களும் புத்தாடையுடன் அங்கு வந்து உலாவக் காணலாம். ஒரு நாளாவது வருகின்றனர் என்பது மகிழ்ச்சியே. ஒரு நாள் மட்டுமே வருகின்றனர் என்பதும் உண்மையே.

வாவி நிலைக்குமா என்னும் வினாவிற்கு இனி வருவாம். அணைகட்டித் தேக்கிய எந்நீர்நிலையும் பிறந்த நாள்தொட்டுத் தூர்ந்துகொண்டே இருக்கும். ஓடும் நீர் மண்ணைச் சுமக்கவல்லது. நின்ற நீர் சுமக்கமாட்டாது. ஓடை வாவியிற் புகுந்ததும் அதன் வேகம் அடங்க, பருமணல் வாயிலிலும் நுண்சேறு உள்ளேயும் படிகின்றன. காடு மூடிய மலையினின்று வரும் மண் சிறிது; கிண்டிய மலையினின்று வருவது பெரிது. நுவரெலியாச் சரிவுகளில் தேயிலையோடு உருளைக்கிழங்கு, கோவா, கரற், லீக்சு முதலிய மரக்கறிகளும் பயிராகின்றன. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கிண்டப்படும் அந்நிலம், இடிமழையின்போது மேல்மண்ணை இழக்கின்றது. மண்ணோடு பசளையும் செல்கின்றது. வாவியிற் சேர்ந்த பசளை நீரில் பாசியை வளர்க்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உண்டுவிடும். மீன் மூச்சின்றி மடியும். நகரின் கழிவுநீரும் இதற்குத் துணைசெய்யும். கிறகரி வாவி இவ்வாறு சேறும் களையும் மிகுந்து நலிந்ததும், அண்மைக் காலத்திலே தூரெடுக்கப்பட்டுக் கரையிற் பூங்கா அமைக்கப்பட்டதும் உண்மை. தூரெடுத்தல் மருந்தேயன்றி நோய்தடுப்பன்று. மேலே மண் இறங்கிக்கொண்டிருக்கக் கீழே தூரெடுப்பது, ஓட்டைப் படகில் நீரிறைப்பதை ஒக்கும்.

ஏனைய மலைவாவிகளின் கதையும் எச்சரிக்கை தருவதே. உதகை ஏரி நகரின் கழிவுநீரை ஏற்று நெடுங்காலம் நாறியது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றினின்று வெளிப்பட்ட பாதரசம் சூழலிற் பரவி, ஏரிமீனிலும் காணப்பட்டது; அத்தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. இவ்விடங்களில் விருந்தினர் தொகை குறைந்ததா எனின், இல்லை. நீரின்மேல் இருந்து விளையாடுவோர்க்கு நீர் கெட்டது எளிதிற் புலப்படுவதில்லை என்பதே இதன் காரணம். நீருள் இறங்கும் வழக்கமுள்ள ஊரிற் குளம் கெட்டால் மறுநாளே தெரியும், உடம்பு சொல்லிவிடும். படகிலிருந்து காண்பவன் கண்ணுக்கு மேற்பரப்பின் பளபளப்பு ஒன்றே போதும். மலைவாவியின் உண்மைநிலையை அறிய வேண்டுவோர் அதன் நடுவிலன்று, ஓடை புகும் வாயிலில் நின்று நோக்குதல் வேண்டும். அங்கே செந்நிறச் சேறு நாக்குப்போல நீண்டு கிடப்பின், வாவியின் ஆயுள் குறைகின்றது என்று கொள்க.

அச்சேறும் நீரும் வாவியோடு நின்றுவிடுவனவல்ல. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி நாட்டின் மிக நீண்ட கங்கை. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் நீரைத் திரட்டுவது. மலையினின்று இறங்கும் அதன் நீர் இன்று பழையபடி தங்குதடையின்றி வருவதில்லை. கொத்மலையில் 1985இல் நிறைவுற்ற அணை ஒருமுறை நிறுத்துகின்றது. பொல்கொல்லையில் 1976முதல் ஒரு பகுதி சுரங்கவழியாக வடக்கே திருப்பப்படுகின்றது. எஞ்சியது விக்டோரியா, இரந்தெனிகலை, இரந்தம்பை நீர்த்தேக்கங்களைக் கடந்து மினிப்பேயினின்று வடக்கு நோக்கி, மன்னம்பிட்டியைத் தாண்டி, வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் நிறைந்த வெள்ளச் சமவெளியில் விரிகின்றது. ஈற்றில் கங்கை பிரிகின்றது. முதன்மைக் கிளை மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவை அடைய, வெருகலாறு கிழக்கே நம்மிடம் வருகின்றது. மலைநாட்டு மண்ணைப் பொல்கொல்லையும் இரந்தம்பையும் பெருமளவில் வாங்கித் தூர்ந்துவருதலை நீர்ப்பாசனப் பொறியியலார் பன்முறை எடுத்துக் காட்டியுள்ளனர். நீர்த்தேக்கம் தூர்ந்தால் அது மழைநீரைப் பிடித்துவைத்துப் பின்னர் விடும் ஆற்றலை இழக்கும். மாரியில் வெள்ளம் மிகுதல், கோடையில் நீர் குறைதல் ஆகிய இரண்டும் கீழே இருப்போரையே வந்து சேரும்.

வெருகலுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று நம் நிலத்திலே நேரே மழை பொழிதலாற் பெரும்போகத்திற்கு வானமே துணை. சிறுபோகமோ முதுவேனிலில் நிகழ்வது. கச்சான் வீசும் அக்காலத்தில் மேலே முகிலில்லை. ஆற்றுநீரை மறித்து வாய்க்காலிற் செலுத்தியே பயிர் காக்கப்படுகின்றது. அந்நீரோ மலையின் மேற்குச் சரிவிலே தென்மேற்குப் பருவக்காற்று இறக்கிவைத்த நீர். வெருகலாற்று நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்று அணைக்கதவு 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூடப்பட்டதையும், அதனையொட்டி மூண்ட போரில் இப்பகுதி மக்கள் ஊரிழந்து அலைந்ததையும் இங்கு நினையாதார் இலர். ஒரு கதவின் திறப்பிலும் அடைப்பிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு தொங்கும் நிலத்தில், மேல்மலை நீர்ப்பிடிப்புப் பற்றிய பேச்சைச் சுற்றுலாப் பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆதலின் நுவரெலியா வாவியைக் காப்பதற்கு மலைச்சரிவிற் செய்யவேண்டிய அனைத்தும் வெருகலாற்றைக் காப்பதற்கும் உரியன. சரிவிற்குக் குறுக்காகப் பாத்தியும் கல்வரம்பும் அமைத்தல், ஓடைக்கரையிற் சில யார் அகலத்திற்கேனும் மரமும் புல்லும் விட்டுவைத்தல், செங்குத்தான சரிவுகளை மரக்கறிக்கு விடாது காடாக விடுதல், கழிவுநீரை வாவியிற் சேரவிடாது வேறுவழி கொண்டுசெல்லுதல் என்பன மண்காப்பு நூல்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருவன. இவற்றிற்குரிய செலவைத் தோட்டக்காரன் ஒருவனே ஏற்றல் முடியாது. ஒரு சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு இட்டுக் கடன் கட்டும் விவசாயியிடம் சரிவில் பாதியைக் காட்டிற்கு விடு என்று கூறுதல் எளிது. அவன் அடுப்பை எரிப்பது யார்? வாவியின் அழகால் வருவாய் பெறுவோரும், கங்கையின் நீரால் மின்சாரமும் நெல்லும் பெறுவோரும் அச்செலவிற் பங்குகொள்ளுதல் நீதியாகும். ஏப்பிரலில் வாவிக்கரையிற் பெறப்படும் கட்டணத்தில் ஒரு பகுதியேனும் மேற்சரிவின் மண்காப்பிற்குச் செல்லுமாறு விதித்தல் அரிய செயலன்று.

விடுமுறையில் அங்குச் செல்லும் நம் மாணவர் படகேறி மகிழ்ந்தபின், வாவியின் மேல்வாயிலுக்குச் சென்று ஓடைநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்துப் பார்க்கலாம். சிறிதுநேரத்தில் அடியிற் படியும் மண்ணின் கனத்தைக் கோல்வைத்து அளக்கலாம். காலையில் ஒன்று, இடிமழை ஓய்ந்தபின் ஒன்று என எடுப்பின் வேறுபாடு தெரியும். அதே சோதனையை ஊர் திரும்பியபின் வெருகலாற்றிலும் செய்தல் கூடும். முதலையுள்ள ஆறாதலின் கரையோரத்தில் நின்று கயிற்றில் வாளி கட்டி நீர் எடுப்பதே பாதுகாப்பு. ஆற்றைப் பாதையேறிக் கடந்த முன்னைய தலைமுறைக்கு அதன் நிறமும் வேகமும் மாதந்தோறும் கண்முன் இருந்தன. பாலத்தின்மேல் வண்டியில் விரையும் இக்காலத்தார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. சித்திர வேலாயுதர் கோயிலின் ஆண்டுப் பெருவிழா ஆகத்து, செத்தெம்பர் மாதங்களை ஒட்டி நிகழ்கின்றது. தீர்த்தத்திற்காக அடியார் ஆற்றில் இறங்கும் அந்நாள்களில் நம் வானம் வறண்டிருக்கும். ஆற்றில் அப்போது ஓடுவது பெரிதும் மலைநாட்டிலிருந்து வந்த நீரே.